தட்டுக்கடையும் மேசைக்கடியில் ஒரு வி.சி.ஆரும்

போன மாதம் என் மருமகள் புது லேப்டாப் ஒன்று வாங்கி வந்தாள். நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தட்டு போடுகிற வாயே இல்லை. ஏ.எஸ்.ராவ் நகர் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டால், "டிஸ்க்கெல்லாம் இப்ப யாரு மேடம் போடுறாங்க? வாய் இல்லாமதான் வருது" என்கிறார், நான் என்னவோ மாட்டுவண்டிக்கு அச்சாணி கேட்ட மாதிரி.

இதை எங்கள் ரிட்டயர்டு ஆட்களின் வாட்ஸாப் குழுவில் புலம்பி வைத்தேன். என் கீழ் வேலை பார்த்து, இப்போது அவர்களும் முட்டிவலித் தைலம் பற்றி விசாரிக்கிற வயதுக்கு வந்துவிட்ட இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "மேடம், டிவிடி பிளேயர்ல சிடி ஓடும், சிடி பிளேயர்ல டிவிடி ஓடாது. ஏன்னு எங்களுக்கே மறந்துபோச்சு. எழுதுங்க. டெல்லி அம்மா வந்த கதையையும் சேர்த்து எழுதுங்க."

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். தட்டுக்குள் இருப்பதெல்லாம் குழிகள்தான், வரிசை வரிசையாக, ஒரே சுருளாக, உள்ளேயிருந்து வெளியே. லேசர் அந்த வரிசை மேல் ஒரு புள்ளியாக விழும். வெறும் தரையில் பட்டால் வெளிச்சம் அப்படியே திரும்பி வரும். குழியில் பட்டால், குழிக்குள் போன வெளிச்சமும் அக்கம்பக்கத்தில் பட்ட வெளிச்சமும் திரும்பி வரும் வழியில் ஒன்றையொன்று கவிழ்த்துவிடும், வருவது மங்கும். பளிச், மங்கல், பளிச், மங்கல். இவ்வளவுதான் வித்தை. சிடியின் லேசர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத ரகம், புள்ளி கொஞ்சம் தடிமன். டிவிடியின் குழிகள் பொடிப்பொடி, வரிசைகள் நெருக்கம். அதைப் படிக்க இன்னும் மெல்லிய சிவப்பு வெளிச்சம் வேண்டும். பின்னால் வந்த ப்ளூ-ரே என்கிற நீலத் தட்டுக்கு அதைவிட மெல்லிய நீலம். சிடியின் லேசரை டிவிடியில் விடுவது பூரான் காலை எண்ண உலக்கையை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. டிவிடி பிளேயர் கெட்டிக்காரத்தனமாகப் பழைய லேசரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டது. அதனால்தான் அதில் இரண்டும் ஓடுகிறது.

இனி இரண்டாவது கேள்வி.

என் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பூர்வீகம் ஜோலார்பேட்டைப் பக்கம். செகந்திராபாத்தில் டிப்ளமோ படித்துவிட்டு, எழுபதுகளில், ஊருக்கு வெளியே பாறைகளுக்கு நடுவே இருந்த அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். என் மருத்துவ அட்டை இன்னும் அவர்கள் கொடுத்ததுதான். முதல் சில வருஷங்கள் சால்டரிங் புகை, டெலிவிஷன் பெட்டி, புடவைத் தலைப்பில் ஓட்டை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சங்கு ஊதினால் உள்ளே போவோம், சங்கு ஊதினால் வெளியே வருவோம். நடுவில் கேன்டீன் உப்புமாவைத் திட்டுவோம்.

எண்பதுகளின் நடுவில் மேலிடத்துக்கு ஓர் ஆசை வந்தது. வெளிநாட்டில் பாட்டுக்குச் சின்னத் தட்டு வந்துவிட்டது. படத்துக்கு, சோறு போடுகிற தாம்பாளம் அளவுக்குப் பெரிய தட்டு இருந்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் ஓட்டுகிற மெஷின் செய்தால் பயிற்சிப் பள்ளிகளுக்கெல்லாம் விற்கலாம் என்று யாரோ யாருக்கோ சொன்னார்கள். எங்கள் கட்டடத்தின் கடைசி அறையில் ஒரு பிரிவு திறந்தார்கள். ஜி.எம். ரிப்பன் வெட்டினார். அவருக்கு ரிப்பன் வெட்டுவதில் அபாரப் பிரியம். புதுத் தண்ணீர்த் தொட்டிக்குக்கூட வெட்டியிருக்கிறார். அதனால் அவருக்கு ரிப்பன் என்றே பெயர். வாசலில் 'ஆப்டிகல் டிஸ்க் செல்' என்று பலகை மாட்டினார்கள். எங்கள் தலைவர் சங்கரலிங்கம் சார் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தட்டுக்கடைன்னு சொல்லிட்டுப் போவேண்டியதுதான?"

அன்றிலிருந்து நாங்கள் தட்டுக்கடை. அதன் பொருள் புரியாத தெலுங்கு நண்பர்களும் 'தட்டுக்கடை, தட்டுக்கடை' என்றே சொன்னார்கள். போன் வந்தால் யாதகிரி எடுத்து, "தட்டுக்கடா ஸ்பீக்கிங்" என்பான். யாதகிரி எங்கள் டெக்னீஷியன், போங்கிர்காரன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். மெஷின் மோட்டார் வேலையெல்லாம் அவனுடையது. அவன், நான், சார்: கடையில் முக்கியமான ஆட்கள் இவ்வளவுதான்.

சங்கரலிங்கம் சார் திருநெல்வேலிக்காரர். ஹைதராபாத்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் பேச்சிலிருந்து தாமிரபரணி வற்றவில்லை. யாரையும் பாராட்ட மாட்டார். பெரிய சந்தோஷம் வந்தால் "குத்தமில்ல" என்பார். யார் என்ன கோளாறு என்று வந்து நின்றாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "தொறந்து பாத்தியா?" இல்லை என்றால், "பாக்காம என்னத்தச் சொல்லுத? போ, தொறந்துட்டு வா." ஒருமுறை அக்கவுன்ட்ஸ் ஆபீசர் வந்து தனக்கு வயிற்றுவலி என்று சொன்னார். சார் பழக்கதோஷத்தில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்.

ஆனால் வேலை என்று உட்கார்ந்தால் அவர் வேறு ஆள். செருப்பு வாசலில். கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, துடைக்காமல் காற்றில் உலர்த்துவார். மணிக்கட்டில் தரையோடு இணைத்த கம்பிப் பட்டை கட்டிக்கொள்ளாமல் யாரும் லேசர் பக்கம் போகக்கூடாது. அந்த லேசர் கடுகைவிடச் சின்னது. நம் உடம்பில், அதிலும் நைலான் புடவையில், ஊறுகிற மின்சாரம் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் போதும், செத்துப் போகும். அதனால் தட்டுக்கடையில் எனக்குப் பருத்திப் புடவைதான். லென்ஸைத் துடைக்கப் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, ஒரே திசையில், நடுவிலிருந்து வெளியே. திரும்பத் தேய்த்தால் திட்டு விழும். எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம்: குனிந்து பார்க்கக்கூடாது.

"கண்ண வச்சுப் பாத்துராதீய. பளிச்சுனு தெரியுத வெளிச்சம்னா கண்ணு தானா மூடிக்கிடும். இது மூடாது. உள்ள பொசுக்கிட்டுப் போயிரும்."

உற்றுப் பார்த்தால் மங்கலான ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு 'லேசர் வீக்' என்று தீர்ப்புச் சொன்ன மேதைகள் உண்டு. சார் ஒரு ரசாயன அட்டை வைத்திருந்தார். அதை லென்ஸுக்கு மேல் நீட்டினால், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் பட்ட இடம் மட்டும் ஒளிரும். பூஜை அறையில் கற்பூரத் தட்டு பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடிப்பார். ஒளிர்ந்தால், லேசரைப் பார்த்து, "ஏல, முழிச்சிட்டியா?" என்பார்.

ஒரே கண்ணால் இரண்டு தட்டையும் படிக்கலாம் என்று எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சின்னத் தட்டு, பெரிய தட்டு இரண்டிலும் குழி வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றுதான். குழிகளுக்கு மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக்கின் கனமும் ஒன்றுதான். எனவே லேசர் ஒன்று, லென்ஸ் ஒன்று. வித்தியாசம் குழிகள் சொல்லும் பாஷையில். சின்னது எண்களின் பாஷை: குழிகள் குறிப்பிட்ட சில நீளங்களில் மட்டும் வரும், அதை எண்ணி எண்களாக்கி, எண்களைப் பாட்டாக்க வேண்டும். பெரியது அலையின் பாஷை: குழி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டும் குறுகியும் போகும், அதைப் படமாக்க வேண்டும். இதற்கு ஒரு போர்டு, அதற்கு ஒரு போர்டு. சின்னது நிதானமாகச் சுற்றும், வெளியே போகப் போக இன்னும் மெதுவாகும். எங்கள் பெரியது பேய் பிடித்த ஃபேன் மாதிரி ஒரே வேகத்தில் சுற்றும். ஒரு சுற்றுக்கு ஒரு படம்.

வெளிநாட்டிலிருந்து பெரிய தட்டு மெஷின் ஒன்றும் சின்னத் தட்டு மெஷின் ஒன்றும் வரவழைத்துத் திறந்து போட்டு, இரண்டையும் பார்த்து எங்களுடையதைக் கட்டினோம். சின்னத் தட்டு முதல் வாரத்திலேயே பாடிவிட்டது. சார், "குத்தமில்ல" என்றார். யாதகிரி கேன்டீனுக்கு ஓடிப்போய் ஆளுக்கு இரண்டு மிர்ச்சி பஜ்ஜி வாங்கி வந்தான்.

பெரிய தட்டுதான் எங்களை அழவைத்தது.

படம் ஆரம்பத்தில் அருமையாக வரும். எங்களிடம் இருந்த சாம்பிள் தட்டில் மிருகங்கள், பறவைகள், கட்டடங்கள் என்று ஆயிரக்கணக்கில் படங்கள். உள்பக்கத்து ஒட்டகச்சிவிங்கி தத்ரூபமாக நிற்கும். லேசர் வெளிப்பக்கம் போகப் போக, படத்தின் மேல் பாய் முடைந்த மாதிரி கோடுகள் விழும். இன்னும் போனால் ஒரு படத்துக்குள் இன்னொரு படத்தின் நிழல் தெரியும். கடைசியில் மயிலுக்கு யானைக் கால் முளைத்திருக்கும்.

மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். மோட்டாரை மாற்றினோம். போர்டை மாற்றினோம். மேலிடம் டெல்லியிலிருந்து ஓர் ஆலோசகரை அனுப்பியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, லேசருக்குப் பலம் போதவில்லை, கரன்ட்டை ஏற்றுங்கள் என்றார். "சார், அவரு தொறந்து பாக்கலையே" என்று நான் காதோரம் சொன்னேன். ஆனால் ரிப்பனே பக்கத்தில் நின்று ஏற்றச் சொன்னார். ஏற்றினோம். லேசர் செத்தது. இன்னொன்று போட்டு ஏற்றச் சொன்னார். அதுவும் செத்தது. அந்த லேசர் ஒவ்வொன்றும் கடல் கடந்து வந்து, 'லேசர்' என்ற பெயரைப் பார்த்து ஏதோ ஆயுதம் என்று பயந்த கஸ்டம்ஸ்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி மீட்டது. ஆலோசகர் விமானம் ஏறிப் போய்விட்டார். சார் செத்த இரண்டையும் ஒரு காகிதத்தில் மடித்து மேசை டிராயரில் வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி அம்மா நேரில் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. அவர் திருப்தியானால் பிரிவு நிலைக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். யாதகிரிக்கு அப்போதுதான் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்து, அவன் மனைவி வாசலில் கறிவேப்பிலை நட்டிருந்தாள். பிரிவு மூடினால் அவனை ஏதோ மலைப்பிரதேசத்துச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு.

வருகைக்குச் சில நாள் முன்பு ரிப்பன் எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏ.சி. குளிரில் உட்கார வைத்து, டீ கொடுத்து, ரகசியக் குரலில் இங்கிலீஷில் திட்டத்தைச் சொன்னார். பெரிய தட்டில் இருக்கும் படங்களையெல்லாம் முன்கூட்டியே கேசட்டில் பதிந்துகொள்வது. மேசைக்குத் தரைவரை தொங்கும் வெள்ளைத் துணி போடுவது. துணிக்கு அடியில் வி.சி.ஆர். மேலே தட்டு சும்மா சுற்றும், கீழே கேசட் ஓடும், டிவியில் படம் வரும்.

"நிர்மலா, நீங்க நல்லதா ஒரு பட்டுப்புடவை கட்டிக்கிட்டு மேசை பக்கத்துல உக்காருங்க. நான் தலையாட்டினதும் காலால பட்டனை அமுக்குங்க. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

எனக்குக் காது சூடேறியது. எவ்வளவு நாள் எத்தனை கைகள் உழைத்த மெஷின். அதை வெறும் ராட்டினமாகச் சுற்றவிட்டு, அடியில் நான் காலால் கேசட் ஓட்ட வேண்டுமாம்.

"சார், புடவை கட்டிக்கிட்டு வரேன். பட்டன் அமுக்க மாட்டேன்."

"ஸ்டோர்ஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு, தெரியும்ல? திருகாணி எண்ணுற வேலை."

"எண்ணிக்கிறேன் சார். திருகாணி பொய் சொல்லாது."

எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று எனக்கே தெரியாது. சங்கரலிங்கம் சார் எழுந்தார். கதவருகே நின்று, "நாங்க போயி அந்தத் தட்ட இன்னொரு தடவ பாக்கோம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியேறினார். ரிப்பனுக்குத் தமிழ் தெரியாது. யாதகிரியை மட்டும் இருக்கச் சொன்னார்.

அரைமணி கழித்து யாதகிரி முகம் தொங்கித் திரும்பி வந்தான். "அக்கா, வி.சி.ஆர். வெக்கிற வேலைய என் தலையில கட்டிட்டாரு. நக்கோ, வேண்டாம்னு சொன்னேன். மலைக்குப் போறியான்னாரு. என்ன செய்வேன்?"

"வை" என்றார் சார். "ஒனக்குப் பிள்ளகுட்டி இருக்கு. ஆனா அது வேல செய்யவேண்டிய தேவ வராம நாம பாத்துக்கிடணும்."

அன்று மத்தியானம் நான் கோபத்தில் ஒரு வேலையும் ஓடாமல், பெரிய தட்டைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. மேலே எரிந்த டியூப்லைட் அதில் நேர்க்கோடாகத் தெரிந்தது. தட்டை நகர்த்தினேன். நடுவில் நேராக இருந்த டியூப்லைட், விளிம்புப் பக்கம் போனதும் வில்லாக வளைந்தது. திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தேன், நேர். விளிம்பு; வளைவு. சின்னத் தட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் நேர்.

"சார், இங்க வாங்க. இந்தத் தட்டு அப்பளமாட்டம் வளைஞ்சிருக்கு."

சார் வாங்கிக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். நடு மேடாக, ஓரம் சரிந்து, விரித்த குடை மாதிரி. மிக மிகக் கொஞ்சம். ஆனால் நாங்கள் படிப்பது தலைமயிரில் நாற்பதில் ஒரு பங்கு அகல வரிசை. லேசர் செங்குத்தாகப் போய்ச் செங்குத்தாகத் திரும்ப வேண்டும். தட்டு சரிந்திருந்தால் புள்ளி வட்டமாக விழாது, இழுபடும். தன் வரிசையோடு பக்கத்து வரிசையையும் நக்கும். பக்கத்து வரிசை என்றால் பக்கத்துப் படம். மயிலுக்கு யானைக் கால் எங்கிருந்து முளைத்தது என்று புரிந்துவிட்டது.

சார் ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து மடித்து, லேசர் ஓடும் தண்டவாளத்தின் ஒரு முனைக்கு அடியில் செருகினார். தட்டைப் போட்டு ஓட்டினோம். வெளிப்பக்கத்து மயில் தோகை விரித்து நின்றது, சொந்தக் காலில். உள்பக்கத்துக்குப் போனால் ஒட்டகச்சிவிங்கி கெட்டுப் போயிருந்தது. போதும். விஷயம் சரிவுதான்.

அப்போதுதான் சார் வெளிநாட்டு மெஷினை இழுத்து வைத்து மறுபடியும் குனிந்தார். அதில் லென்ஸுக்குப் பக்கத்தில் பொடியாக இரண்டு கருப்புக் கண்கள் இருக்கும். தட்டு வைத்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு என்று நாங்கள் நினைத்து, எங்கள் மெஷினில் வேறு சுவிட்ச் போட்டுவிட்டு அதை விட்டிருந்தோம். சின்ன மெஷினில் அது கிடையாது. சின்னத் தட்டு வளைகிற அளவுக்குப் பெரிதில்லை. பெரியதில் அந்த இரண்டு கண்ணும் தட்டிலிருந்து திரும்பும் வெளிச்சம் இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்க்கின்றன. சமமில்லையென்றால் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே ஒரு குட்டி மோட்டார் தண்டவாளத்தையே சாய்த்துத் தட்டுக்குச் சமமாக்கும்.

"தொறந்து பாத்தோம்" என்றார் சார் மெதுவாக. "பாத்தும் குருடனா இருந்திருக்கோம்."

அதற்கப்புறம் நாங்கள் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் போனோம். யாதகிரி எங்கிருந்தோ ஒரு பொம்மைக் காரின் மோட்டாரைக் கொண்டுவந்து பல்சக்கரம் பொருத்தினான். நான் இரண்டு கண்களுக்கான சர்க்யூட் போட்டேன். மோட்டார் 'கிர்' என்று சத்தம் போட்டது, பித்தப்பைக் கல்காரர் முனகுவது போல. ஆனால் சாய்த்தது.

டெல்லி அம்மா வந்தார். வங்காளத்துப் பருத்திப் புடவை, மூக்குக்கண்ணாடி, கையில் துணிப்பை. மாலையை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, "காட்டுங்கள்" என்றார். நான் பட்டு கட்டவில்லை. மாமூல் பருத்திதான்.

வி.சி.ஆர். துணிக்கு அடியில் தயாராக இருந்தது. மின்சாரம் கொடுத்து, கேசட் செருகி. நாங்கள் மெஷின் சரியாகிவிட்டது என்று எவ்வளவு சொல்லியும் ரிப்பன் அதை எடுக்க விடவில்லை. "இருக்கட்டும், கைக்கு ரிஸ்க்?" என்று, ரிஸ்க் எதற்கு என்று, யாதகிரியிடம் அவனுடைய ஹைதராபாத் உருதுவிலேயே கேட்டிருக்கிறார்.

தட்டைப் போட்டேன். சுற்றியது. படம் வந்தது, நிஜமாகவே தட்டிலிருந்து. படம் நன்றாகத் தெரியட்டும் என்று ரிப்பனே அறை விளக்கை அணைக்கச் சொன்னார்.

அணைத்தார்கள். வெள்ளைத் துணிக்குப் பின்னால், தரையோரம், பச்சையாக ஒரு வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. நேரம் சரிசெய்யாத வி.சி.ஆரின் கடிகாரம்.

டெல்லி அம்மா டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதைப் பார்த்தார். எழுந்து வந்தார். குனிந்து துணியைத் தூக்கினார்.

"இது என்ன?"

ரிப்பன், "ஸ்டாண்ட்-பை, மேடம்" என்றார். குரல் எலி மாதிரி வந்தது.

"அப்படியானால் படம் எதிலிருந்து வருகிறது?"

யாதகிரி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் மலையே தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. உண்மையாக ஓடுகிற மெஷின், எல்லார் கண்ணெதிரிலும் பொய்யாகிக்கொண்டிருந்தது. இதில் வி.சி.ஆரின் வயரைப் பிடுங்கினாலும் இன்னொன்று எங்கே ஒளிந்திருக்கிறது என்றுதான் கேட்பார். சார் வாய் திறக்கப் போனார். அதற்குள் நான் பேசிவிட்டேன்.

"மேடம், ஒரு நம்பர் சொல்லுங்க. ஏதாவது ஒரு நம்பர்."

"எதற்கு?"

"தட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் உண்டு. நீங்கள் சொல்லும் எண்ணுக்கு லேசர் தாவிப் போய் நிற்கும். கேசட்டால் அது முடியாது."

கொஞ்சம் யோசித்துத் தன் காரின் நம்பரைச் சொன்னார். தட்டினேன். திரை ஒரு கணம் கருத்தது. மறுகணம் ஒரு கழுதை வந்து நின்றது. கோடில்லை, நடுக்கமில்லை. அசையாமல் டெல்லி அம்மாவையே பார்த்தது.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவர் கழுதையை நன்றாகப் பார்த்தார். "இப்போது கடைசிப் பக்கம். விளிம்பிலிருந்து ஒன்று" என்றார்.

விவரமான பெண்மணி. விளிம்பு என்றால் சரிவு. பெரிய எண்ணாக ஒன்றைத் தட்டினேன். லேசர் ஓடியது. 'கிர்.' மோட்டார் முனகியது. திரையில் பாய்க்கோடுகள் விழுந்தன. 'கிர்ர்.' சார் தன் செருப்பில்லாத காலால் தரையை அழுத்திக்கொண்டு நின்றார், தானே சாய்த்துக் கொடுப்பவர் மாதிரி. கோடுகள் மெலிந்தன. மறைந்தன. ஒரு கோபுரம், கல் கல்லாக எண்ணலாம் போல நின்றது.

டெல்லி அம்மா தட்டை நிறுத்தச் சொன்னார். நானே எடுத்து, அதே இடத்தில் சின்னத் தட்டை வைத்தேன். வயலின் வாசித்தது.

"அதே லேசரா?"

"அதே கண்ணு, மேடம்" என்றார் சார். பதற்றத்தில் தமிழில் சொல்லி, பிறகு இங்கிலீஷில் சொன்னார்.

"பிறகு எதற்கு அது?" என்று மேசைக்கு அடியில் காட்டினார்.

சார் ரிப்பனைப் பார்க்கவில்லை. "இதைத் திறந்து பார்க்காதவர்கள் வைத்தது" என்றார்.

டெல்லி அம்மாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. டீ குடித்தார், பிஸ்கட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார், கிளம்பிவிட்டார்.

கார் கேட்டைத் தாண்டியதும் ரிப்பன் எங்கள் அறைக்கு ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா? நல்லவேளை வி.சி.ஆர். வச்சோம். அது இல்லேன்னா அவங்க இவ்வளவு சோதிச்சிருப்பாங்களா? நம்பியிருப்பாங்களா?"

சங்கரலிங்கம் சார் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ரிப்பன் அதைத் தனக்கான பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றும் உத்தரவு ஏற்கெனவே தட்டச்சாகிக் கையெழுத்துக்கு வைத்திருந்ததாம். டெல்லியிலிருந்து அனுமதி வந்தபோது, நம்பர் கேட்ட பெண்ணே மெஷின்களைப் போய்ப் பொருத்த வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. உத்தரவு குப்பைக்கூடைக்குப் போனது. யாதகிரியின் கறிவேப்பிலை மரமாகிவிட்டது. அந்த ரிப்பனுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது அரசாங்க நிறுவனத்துக் கதை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

நாங்கள் செய்தது கொஞ்சம் மெஷின்கள்தான். பிறகு காலம் வேறு பக்கம் போனது, பிரிவு கரைந்தது. ஆனால் முதல் மெஷினை நானே கொண்டுபோய்ப் பொருத்தினேன், ஒரு ரயில்வே பயிற்சிப் பள்ளியில். பிரேக் சொல்லிக்கொடுக்கும் டேவிட் மாஸ்டர், காட்பாடிக்காரர், மெஷினைச் சந்தேகத்தோடு சுற்றி வந்தார். வெளிநாட்டில் அடித்து வந்த பெரிய தட்டில் பிரேக் வால்வை நறுக்கி நறுக்கி உள்ளே காட்டும் படங்கள் இருந்தன. ஓட்டினேன். வால்வு திறக்கும் இடம் வந்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்தும்மா. அதுலயே நிறுத்து."

நிறுத்தினேன். பாதி திறந்த வால்வு திரையில் நின்றது.

"வீடியோவுல நிறுத்தினா கொஞ்ச நேரத்துல டேப்பு தேஞ்சி அறுந்துபோவும். இது எவ்ளோ நேரம் தாங்கும்?"

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் மாஸ்டர். தட்டை எதுவுமே தொடலை. அந்த ஒரு சுத்தையே வெளிச்சம் திரும்பத் திரும்பப் படிச்சிக்கிட்டிருக்கு. தேயறதுக்கு ஒண்ணுமில்ல."

"தொடலையா?" என்று மறுபடி கேட்டார். பிறகு என்னை மறந்துவிட்டார். பிரம்பை எடுத்துக்கொண்டு திரைப்பக்கம் போனார். இத்தனை வருஷம் கரும்பலகையில் வரைந்து வரைந்து, கையால் காற்றில் திறந்து மூடிக் காட்டிய வால்வு அது. பயிற்சிக்கு வந்தவர்களை எழுப்பி, ஒவ்வொருவராகத் திரைக்கு அருகே கூப்பிட்டு, விரல் வைத்துக் காட்டச் சொன்னார். காற்று இங்கே வருது, இப்படிப் போகுது, இது அடைச்சா வண்டி நிக்காது, ஆள் சாவான். பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து வந்து நின்றார்.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் போனார்கள். நான் மெஷினை அணைக்கக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும்மா," என்றார் டேவிட் மாஸ்டர், பிரம்பைக் கீழே வைக்காமல். "சாப்பிட்டு வந்து இன்னும் கொஞ்சம் பாக்கறேன்."